ஆள் உள்ளே இருக்கிறார்

உமக்கு ஆறு வயதுப் பிள்ளையின் புத்தி என்று எழுதி வைத்தார்கள். நாற்பத்தாறு வயதில், தறியில் ஏற்றும் ஒரு பாவின் அத்தனை இழைகளையும் தலைக்குள் எண்ணி வைத்திருந்த மனிதரை, ஒரு காலை நேரத்தில் ஒரு பென்சிலும் ஒரு தாளும் கொடுத்து அளந்து பார்த்து அப்படி எழுதினார்கள். எழுதச் சொன்னவர் ஒரு டாக்டர். எழுதிய கை என்னுடையது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

நீர் மௌத்தாகி, உம்மை அடக்கம் செய்து ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதமும் உமக்கு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நேற்றுச் சாயங்காலம் அடுத்த வீட்டு டீச்சர், பிள்ளைகளின் புத்தியை அளக்கச் சொல்லித்தரும் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தாள். பயிற்சிப் பள்ளியில் படித்துவிட்டு இந்த வருஷம்தான் தென்காசியில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண். இங்கிலீஷில் ஏதாவது புரியாவிட்டால் என்னிடம்தான் வருவாள். தாலுகா ஆபீஸ் வாசலில் முப்பது வருஷம் மனு எழுதிய கிழவனுக்கு எல்லா இங்கிலீஷும் தெரியும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

"பெரியப்பா, இந்தப் படத்தைப் பாருங்களேன். மனுசனை வரைன்னு சொன்னா, ஒரு ஆளு இப்படி வரைஞ்சிருக்கான். பாவம், புத்தி வளரலையாம்" என்றாள்.

பார்த்தேன். ஒரு வீட்டு வாசல். வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு, முனை வீட்டைப் பார்த்தபடி. கொடியில் இடுப்புக்குக் கட்டும் ஒரு கட்டம் போட்ட சாரம். ஆணியில் ஒரு சட்டை, அதன்மேல் ஒரு தொப்பி. ஆள் இல்லை.

யார் வரைந்தது என்று தெரிந்துவிட்டது. எழுந்துபோய்க் கிணற்றடியில் காறித் துப்பிவிட்டு வந்துதான் அடியில் அச்சிட்டிருந்ததைப் படித்தேன். மனித உருவத்தை மனத்தில் கொள்ள இயலாத வயது வந்த நெசவாளி ஒருவன் வரைந்த படமாம் அது. உம் பேர் இல்லை. ஊர் இல்லை. உம்மை ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதும் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நீர் என் கண்ணெதிரே வரைந்த படத்தை எடுத்துக்கொண்டுபோய், வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்த்துப் பாவம் சொல்லும்படி மாட்டி வைத்திருக்கிறார்கள்.

செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து நம் பக்கம் வந்துசேர்ந்த மறு வருஷத்து ஆடி மாதம் அது. டாக்டர் சீமையில் படித்துவிட்டுச் சென்னையில் வேலை பார்த்தவர். மனிதர்களின் புத்தியை அளந்து ஆராய்ச்சி செய்கிறார் என்றார்கள். குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதமாகப் பார்த்துத்தான் அந்த ஆராய்ச்சி தென்காசிக்கு வந்தது என்பதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். விடியற்காலையில் பேரருவிக் கரையில் ஆள் வைத்து எண்ணெய் தேய்த்துக் குளியல். அது முடிந்து, பத்து மணிக்கு மேல் நெசவாளர் சங்கத்துக் கூடத்தில் உட்கார்ந்து நம் ஆட்களை அளப்பது. அவருக்குப் பதில்களை இங்கிலீஷில் எழுதித்தர ஓர் ஆள் வேண்டியிருந்தது. கேட்டவுடன் போனேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாமல், மனு எழுதி எழுதியே இங்கிலீஷ் பழகியவனை ஒரு சீமைப் படிப்பாளி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அந்த நாற்காலிதான் என்னைக் கெடுத்தது.

சங்கத்து ஆட்கள் டாக்டர் என்றதும் வைத்தியர் என்று நினைத்துக்கொண்டார்கள். முதல் நாள் வந்து உட்கார்ந்த நாலு பேரும் நாக்கை நீட்டினார்கள். ஒருவர் இருமியே காட்டினார். நீர் வாசலில் நின்று என்னைப் பார்த்து, "என்னவே மாப்ளே, ஊசி உண்டா, இல்ல வெறும் பேச்சுதானா?" என்று கேட்டீர்.

"வெறும் பேச்சுதான் மாமா. புத்தியப் பாக்காரு."

"அப்ப மொதல்ல காரியதரிசிய உக்கார வையும். சீக்கிரம் முடிஞ்சிரும்."

கூடமே சிரித்தது. சங்கத்துக் காரியதரிசியும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் உள்ளே போட்டு வைத்துக்கொண்டார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

உம்மைவிட நான் இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் சின்னதிலிருந்து நீர் எனக்கு மாமா, நான் உமக்கு மாப்ளே. உம் பள்ளிவாசல் தெருவுக்கும் என் தெருவுக்கும் நடுவில் அந்த முறை எப்படி வந்தது என்று நாம் கேட்டதே இல்லை. உம்மைப் பற்றி அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும். உம் வாப்பா பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவர். உயிருள்ளதை உருவமாக வரையாதே என்று உமக்கு ஏழு வயதில் சொன்னார். நீர் வரையவில்லை. உம் தெருவிலேயே வரைகிறவர்கள் உண்டு, போட்டோ எடுத்து மாட்டியவர்கள் உண்டு. அவர்களை நீர் ஒரு சொல் சொன்னதில்லை. உம் வாப்பா சொன்னது உமக்கு, அவ்வளவுதான்.

ஒரு சமயம் இலத்தூர் ஜவுளி வியாபாரி ஒருத்தர், கல்யாணச் சேலைக் கரைக்கு மயில் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சங்கத்தில் டிசைன் போட உம்மை விட்டால் ஆள் இல்லை. "மயிலு வேண்டாம் மொதலாளி, மயிலு நின்ன இடத்தப் போட்டுத் தாரேன்" என்றீர். கட்டத்தாளில் இரண்டு நாள் புள்ளி வைத்தீர். கரை நெடுக மயிலிறகின் கண்கள் மட்டும், காற்றில் உதிர்ந்து கிடப்பதுபோல. வியாபாரி அந்தக் கரையைக் கையில் வைத்துக்கொண்டு, "மயிலு இப்பதான் பறந்து போயிருக்கு" என்றார். அந்த வருஷம் முழுக்க அந்தக் கரைதான் ஓடியது.

இந்த மனிதரைத்தான் டாக்டர் அளந்தார்.

முதலில் ஒரு படத்தைக் காட்டினார். மழையில் ஒருவன் மடக்கிய குடையோடு நடந்து போகிறான். "இதில் என்ன தப்பு?" என்று கேட்டார். நீர் உற்றுப் பார்த்தீர்.

"தப்பு ஒண்ணும் தெரியலயே சார்."

"மழை பெய்கிறது பாருங்கள். கையில் குடை இருக்கிறது."

"சாரலுக்கு யாரு சார் குடைய விரிப்பா? நனையத்தான இங்க வாராங்க."

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். தப்பு என்று எழுதினேன். அன்று காலை அவரே குற்றாலத்திலிருந்து தலை நனைய வந்து இறங்கினார். மடக்கிய குடை அவர் நாற்காலியின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. நீர் அதைப் பார்த்தீர், என்னையும் பார்த்தீர். எனக்குச் சிரிப்பு வந்தது. எழுதுவதை நிறுத்தவில்லை. அன்று அந்தக் கேள்விக்கு ஊரே ஒரே பதிலைத்தான் சொன்னது. ஊரே தப்பு என்று எழுதினேன்.

பிறகுதான் அந்தத் தாளையும் பென்சிலையும் உம்மிடம் கொடுத்தார். "ஒரு மனிதனை வரையுங்கள். உங்களால் முடிந்த அளவு நன்றாக வரையுங்கள்" என்றார். அது சீமையில் சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்த சோதனை என்பது அப்போது எனக்குத் தெரியாது. வரைந்த படத்தில் தலைக்கு ஒரு மார்க்கு, கண்ணுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, விரல் ஐந்தும் சரியாக இருந்தால் ஒன்று என்று கூட்டி, அதற்கு எத்தனை வயதுப் புத்தி என்று சொல்வார்களாம்.

"மனுசனயா சார்?"

"ஆமாம்."

"முழு மனுசனயா?"

"முழு மனிதனை."

நீர் என்னைத் திரும்பிப் பார்த்தீர். அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. இவர் உருவம் வரைகிறவர் இல்லை சார் என்று நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் தாளில் அச்சடித்திருப்பதற்கு மேல் ஒரு சொல் பேசக்கூடாது என்று முதல் நாளே டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். தாசில்தாரையே எதிர்த்து மனு எழுதியவன், பட்டாமணியக்காரர் வாசலில் நின்று சண்டை போட்டவன், அன்று விதியை மதித்தேன். குனிந்து என் பேனா முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாட்டேன் என்று நீரே சொல்லியிருக்கலாம். நம் ஊருக்கு வந்த மனிதர், ஒரு சின்னக் காரியம் கேட்கிறார், முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்வது உம் சுபாவத்தில் கிடையாது. இலத்தூர் வியாபாரிக்குச் செய்ததையே இவருக்கும் செய்தீர். கால் மணி நேரம் தலை நிமிராமல் வரைந்தீர். சாரத்தின் கட்டங்களை மட்டும் இரண்டு தடவை அழித்து வரைந்தீர், எண்ணிக்கை பிசகக்கூடாது என்று. கடைசியில் செருப்பை வரைந்து, திருப்பி அவர் பக்கம் வைத்தீர்.

டாக்டர் பார்த்தார். "ஆள் எங்கே?"

"உள்ள இருக்காரு சார்."

"எதற்குள்?"

"வீட்டுக்குள்ள. இந்தா, வாசல்ல செருப்பு கெடக்குல்லா? தொழுதுட்டு இருக்காரு. இப்பக் கூப்பிடக் கூடாது."

டாக்டர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். பிறகு வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். தலை இல்லை. கண் இல்லை. கை இல்லை. ஒவ்வொன்றுக்கும் மார்க்குக் கட்டத்தில் நான் சுழி போட்டேன். உடைக்கு மட்டும் ஏதோ கொடுத்தார். அந்தச் சுழிகளை அழகாக வட்டமாகப் போட்டேன் என்பதுகூட இன்றைக்கு நினைவிருக்கிறது. அதை நினைத்தால் என் கைமேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பேரெல்லாம் வெளியே போகாது, ஆராய்ச்சிக்கு மட்டும்தான் என்று டாக்டர் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். ஊருக்குக் கிளம்பும் நாளில், கூடத்தைக் கொடுத்து உதவியதற்கு நன்றியாகப் பட்டியலின் ஒரு பிரதியைக் காரியதரிசிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வரிசை நம்பரும் பேரும், பேருக்கு எதிரே வயதும், அதற்கு எதிரே புத்தியின் வயதும். பிரதி எடுத்தவனும் நான்தான். யாருக்கு என்று கேட்டேனா? கேட்கவில்லை.

அந்த மாதம்தான் சங்கத்தில் நெசவுப் பயிற்சி நிலையம் திறப்பதாக இருந்தது. அதில் டிசைன் மாஸ்டர் வேலை உமக்குத்தான் என்று ஊரே பேசியது. மாமி அதற்காக உமக்கு ஒரு வெள்ளைச் சட்டைகூடத் தைக்கக் கொடுத்திருந்தார்கள். கூட்டத்தில் காரியதரிசி எழுந்து அந்தப் பட்டியலை விரித்தார். தன் மைத்துனனுக்கு அந்த வேலையை வாங்க அவர் ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார். டாக்டர் ஒரு வழியைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"நான் சொல்லல. நமக்குள்ள ஒண்ணுக்குள்ள ஒண்ணு. ஆனா சயின்ஸ் சொல்லுது. பதினேழாம் நம்பரு, புத்தி ஆறு வயசு. ஆறு வயசுப் பிள்ளைகிட்ட பயிற்சி நிலையத்த எப்படிக் குடுக்க?"

யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் பத்துப் பேர் சிரித்தார்கள். அத்தனை பேரும் நீர் டிசைன் போட்டுக் கொடுத்துத் தறி ஓட்டியவர்கள். நீர் எழுந்துபோய்ப் பட்டியலைக் கையில் வாங்கினீர். எழுத்தை உற்றுப் பார்த்தீர். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தீர்.

"எழுத்து முத்து முத்தா இருக்குவே மாப்ளே" என்றீர்.

தாளை என் மடியில் வைத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டீர். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போயிற்று. நான் எழுந்து பேசவில்லை. சங்கத்தில் நான் மெம்பர் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு உமக்கு அதுவே பேராகிவிட்டது. டீக்கடையில் தாடி நரைத்தவர்கள்கூட, "ஏலே ஆறு வயசு, இன்னைக்குப் பள்ளிக்கூடம் லீவா?" என்று கேட்டார்கள். "வாத்தியாரு நீருல்லா, நீருதான் சொல்லணும்" என்று நீரும் திருப்பிக் கொடுத்தீர். ஆனால் சங்கத்துக்குப் போவதை நிறுத்திவிட்டீர். வீட்டுத் தறியில் துண்டு நெய்து, சாரல் மாதங்களில் குற்றாலத்தில் அருவிப் பாதையில் தோளில் போட்டு விற்றீர். மைத்துனன் டிசைன் மாஸ்டராக இருந்து இரண்டு வருஷத்தில் பயிற்சி நிலையத்தை மூடினான்.

ஒரு நாள் நான் அங்கே வந்து உம்மோடு நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. துண்டுகளின்மேல் மெழுகுத்துணியைப் போர்த்திவிட்டு நீர் நனைந்துகொண்டு நின்றீர். நான் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே சொன்னீர்.

"உம்மமேல எனக்கு என்னவே கோவம்? அந்த டாக்டருக்குத் தெரியாது, அவரு எழுதச் சொன்னாரு. காரியதரிசிக்குக் காரியம் ஆகணும், அவரு வாசிச்சாரு. நான் ஏன் உருவம் போடலன்னு அங்கன தெரிஞ்ச ஆளு நீரு ஒருத்தருதான். நீரு பேசல. அதான் கணக்குல வரமாட்டேங்கு."

அப்போதுதான் எண்ணெய்த் தலையோடு அவர் வந்தார். அதே டாக்டர். நம்மில் ஒருவரையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மெழுகுத்துணியைத் தூக்கி ஒரு துண்டை உருவினார். கரையில் மயிலிறகுக் கண்கள். விரலால் தடவிப் பார்த்தார்.

"அருமையாக இருக்கிறதே! யார் போட்ட டிசைன் இது?"

நீர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னீர். "ஆறு வயசுப் பய ஒருத்தன் போட்டது சார்."

"ஆறு வயதிலா? அபூர்வமான புத்தி. அவனை என்னிடம் அழைத்து வாருங்கள், ஒரு சோதனை செய்து பார்க்கலாம்."

"செஞ்சாச்சு சார். பெயிலு" என்றீர்.

அவர் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று உம் தோளைத் தட்டிவிட்டுத் துண்டோடு போனார். நீரும் சிரித்தீர். உமக்குச் சிரிக்க முடிந்தது. எனக்கு அன்றைக்கும் முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் மனு எழுத ஆரம்பித்தேன். டாக்டருக்கு, அவர் வேலை பார்த்த இடத்துக்கு, மந்திரிகளுக்கு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கார்டு வந்தது. ஆராய்ச்சி மக்கள் கூட்டத்தைப் பற்றியது, தனி ஆளைப் பற்றியது அல்ல என்று எழுதியிருந்தது. எனக்கு அதைவிடக் கேவலமான பதிலை எந்த ஆபீசும் தந்ததில்லை. ஒவ்வொரு ஆளையும் தவறாக அளந்துவிட்டு, கூட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். எங்கோ குளிரில் பிறந்த பிள்ளைகளைப் பார்த்துச் செய்த அளவுகோலைக் கொண்டுவந்து நம்மேல் வைக்கிறார்கள். பொருந்தவில்லையென்றால் அளவுகோலைச் சந்தேகப்பட மாட்டார்கள், நம்மைத்தான் சந்தேகப்படுவார்கள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க அவர்கள் விதியில் இடமில்லை. அதற்குப் பேர் படிப்பாம். நான் படிக்காதவன். எனக்கு இது படிப்பாகத் தெரியவில்லை.

நேற்று டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியை, சுழிகளை, என் மடியில் நீர் வைத்துவிட்டுப் போன தாளை. அவள் புத்தகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வெகு நேரம் அந்தப் படத்தையே பார்த்தாள். "பெரியப்பா, இந்தச் சாரத்துல கட்டம் அத்தனையும் ஒண்ணுபோல இருக்கு" என்றாள். பிறகு தானே சொன்னாள். போன வாரம்தான் புத்தகத்தில் சொன்னபடி அவளும் தன் வகுப்புப் பிள்ளைகளை மனிதனை வரையச் சொல்லியிருக்கிறாள். மூன்று பேருக்குச் சுழி. அவர்களைப் பிரித்துக் கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்து, பேர் எழுதி ஹெட்மாஸ்டரிடம் கொடுக்கப் பட்டியலும் தயார். அதில் ஒரு பெண்பிள்ளை உம் தெரு. மனிதனுக்குப் பதிலாக ஒரு குடத்தையும் ஒரு வாளியையும் வரைந்திருக்கிறாள். ஏன் என்று இவள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று புத்தகத்தில் இல்லை.

ஆகவே இப்போது உமக்கு எழுதுவது வெறும் நினைவு இல்லை. யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று உம் முன்னால் எழுதி வைக்கிறேன். மனு எழுதிப் பழகிய கைக்கு இப்படித்தான் முடிக்கத் தெரியும்.

டீச்சர் அந்தப் பட்டியலை ஹெட்மாஸ்டரிடம் கொடுக்கக் கூடாது. திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்கு முன் கடைசிப் பெஞ்சைக் காலி செய்ய வேண்டும். மூன்று பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஏன் இப்படி வரைந்தாய் என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். செய்கிறாளா என்று நான் போய்ப் பார்ப்பேன்.

புத்தகம் போட்டவர்கள் அந்தப் பக்கத்தை எடுக்க வேண்டும். எடுக்க மனமில்லையென்றால், படத்தின் அடியில் இருப்பதை அழித்துவிட்டு, உயிருள்ளதை வரைவதில்லை என்று வாக்குக் காத்த ஒருவர் விருந்தாளியின் மனம் நோகாமல் வரைந்த படம் இது என்று அச்சிட வேண்டும்.

டாக்டர் உயிரோடு இருந்தால், அடுத்த சாரலுக்குக் குற்றாலம் வரும்போது தென்காசிக்கும் வர வேண்டும். எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் வர வேண்டும். சங்கத்துக் கூடத்தில் நின்று, நான் அளந்தது தப்பு என்று அதே ஆட்களுக்கு முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும். பிறகு உம் வீட்டுக்குப் போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மாமியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சங்கம் தன் தீர்மானப் புத்தகத்தில் அந்த நாளின் தீர்மானத்தை அடித்து, கீழே கையெழுத்துப் போட வேண்டும். சிரித்தவர்களில் மிச்சம் இருப்பவர்களும் போட வேண்டும்.

எனக்கும் வேலை உண்டு. நீர் என் மடியில் வைத்த தாளை நான் எறியவில்லை. பன்னிரண்டு வருஷமாகப் பெட்டிக்குள் மடித்தபடியே வைத்துச் சுமக்கிறேன். பதினேழாம் வரியை அதே கையால் அடித்து, கூடத்தில் எனக்குத் தெரிந்திருந்ததையும் நான் பேசாமல் இருந்ததையும் அதன் பக்கத்தில் எழுதி, என் பேர் போட்டு, சங்கத்துக் கதவில் ஒட்ட வேண்டும். நாளைக் காலையில் ஒட்டுவேன். கிழித்தால் மறுபடியும் எழுதி ஒட்டுவேன்.

உமக்கு மட்டும் ஒரு வேலையும் இல்லை மாமா. நீர் உள்ளே இரும். யாரும் உம்மைக் கூப்பிடாமல் வாசலில் நான் பார்த்துக்கொள்கிறேன்.